கைப்பேசிக்கு வந்த ஆசிரியர் பயிற்சி, வகுப்பறைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது?

2020 அக்டோபரில், பள்ளிகள் பூட்டிக் கிடந்த நேரத்தில், ஒன்றிய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டமான நிஷ்தா இணையத்துக்கு மாறியது. தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு 18 பாடத்தொகுதிகள் வந்தன. அடுத்த ஆண்டே உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கு நிஷ்தா 2.0, சின்ன வகுப்புகளின் எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் நிஷ்தா 3.0 என்று வரிசையாக வந்தன. திக்‌ஷா என்ற அரசின் கற்றல் செயலியைத் திறக்க வேண்டும், தொகுதியில் சேர வேண்டும், காணொளிகளைப் பார்க்க வேண்டும், கடைசியில் கேள்விகளுக்குப் பதில் சொல்லி 70 சதவீதம் எடுக்க வேண்டும். எடுத்தால் சான்றிதழ் கைப்பேசிக்கே வந்துவிடும். அப்படி வாங்கிய சான்றிதழ்கள் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலரிடம் வரிசையாக இருக்கின்றன.

வருடங்கள் ஓடிவிட்டன. அந்தப் பயிற்சிகளால் எத்தனை வகுப்பறைகளில் பாடம் நடத்தும் விதம் மாறியது என்று எந்த ஆசிரியரிடம் கேட்டாலும் ஒரு தயக்கத்துக்குப் பிறகுதான் பதில் வருகிறது. ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்பது இதற்குக் காரணமில்லை. கைப்பேசி எதை நன்றாகச் செய்யும், எதைச் செய்யாது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்றிவிட்டோம் என்பதே என் கணிப்பு. இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் உலகில் இருக்கின்றன. அவற்றுக்குப் போகுமுன் இந்தியாவில் இந்த வழி எப்படித் தொடங்கியது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

தொலைவிலிருந்து ஆசிரியருக்குப் பயிற்சி தருவது நமக்குப் புதிதில்லை. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளின் துணையோடு ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒடிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் போயின. சைட் என்று பெயர் பெற்ற அந்தத் திட்டத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் உண்டு. ஒவ்வொரு சுற்றும் 12 நாள். இரண்டு சுற்றுகளில் ஏறக்குறைய 50,000 ஆசிரியர்கள் பங்கேற்றார்கள். அதில் கவனிக்க வேண்டியது, ஆசிரியர்களைத் தொலைக்காட்சி முன்னால் உட்காரவைத்துவிட்டு விட்டுவிடவில்லை. வானொலி நிகழ்ச்சி, அச்சிட்ட கையேடு, கூடி உட்கார்ந்து செய்யும் செயல்பாடுகள், அவற்றை நடத்த ஒரு ஆள் என்று எல்லாம் சேர்ந்த ஒரு ஏற்பாடு அது. வானத்திலிருந்து வந்தது பயிற்சியின் ஒரு பகுதி மட்டும்தான். 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோளை ஏவினோம். பெரிய நம்பிக்கைகளோடு தொடங்கிய அது பல இடங்களில் ஒருபக்கமாகப் பேசும் திரையாகவே நின்றுபோனது.

இடையில் நம் பள்ளிகளில் வேரூன்றியது வேறொரு முறை. மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டத்தில் சிலருக்கு, மாவட்டத்தார் ஒன்றியத்தில் எல்லோருக்கும். ஆசிரியர் எண்ணிக்கையைப் பார்த்தால் இது தவிர்க்க முடியாத வழியாகத்தான் தெரிகிறது. 2019 ஆகஸ்டில் நிஷ்தா தொடங்கியபோது அதன் இலக்கு 42 லட்சம் ஆசிரியர்கள். இத்தனை பேரை யார் நேரில் பார்க்க முடியும்? ஆனால் மேலிருந்து கீழே வர வர விஷயம் நீர்த்துப்போகும். மாநிலப் பயிற்சியில் ஐந்து நாள் பேசியதை ஒன்றியத்தில் இரண்டு நாளில் முடிப்பார்கள். மேலே செய்துகாட்டிய செயல்பாடு கீழே வரும்போது பவர்பாயிண்டில் ஒரு படமாகிவிடும். ஒன்றிய அளவில் பயிற்சி நடத்துபவரே அந்த முறையில் ஒரு பாடம்கூட நடத்திப் பார்த்திருக்க மாட்டார். ஓர் ஆசிரியர் எழுந்து, "எங்கிட்ட மூணு வகுப்பு ஒண்ணா உட்கார்ந்திருக்கே, இதை எப்படி செய்யறது?" என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது.

2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று தொடங்கிய திக்‌ஷா தளம் இந்த நீர்த்துப்போதலுக்கு மருந்தாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஏக்ஸ்டெப் அறக்கட்டளை உருவாக்கிய, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மென்பொருளின் மேல் கட்டிய தளம் அது. 2018இல் தமிழ்நாடு புதிய பாடநூல்களைக் கொண்டுவந்தபோது பக்கங்களில் அச்சிட்ட கியூஆர் குறிகள் வழியாகத்தான் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு திக்‌ஷா அறிமுகமானது. அடுத்து பயிற்சியும் அதே செயலிக்குள் வந்தது. ஒரே காணொளி ஊட்டி மலைப்பள்ளி ஆசிரியருக்கும் சென்னை ஆசிரியருக்கும் ஒரு சொல் குறையாமல் போகும், நடுவில் கசியாது என்ற எதிர்பார்ப்பு இருந்தது.

அந்த எதிர்பார்ப்பில் நியாயம் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் தொடக்கப்பள்ளிகளில் பல, ஈராசிரியர் பள்ளிகள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் பள்ளியில் பாதி நின்றுவிடும். மலைக் கிராமத்திலிருந்து ஒன்றியத் தலைமையிடத்துக்கு வர இரண்டு பேருந்து மாற வேண்டும். கைக்குழந்தை உள்ள ஆசிரியைக்கு ஐந்து நாள் வெளியூர்ப் பயிற்சி என்பது வீட்டில் ஒரு பெரிய பேச்சுவார்த்தை. ஒரு கருத்தைத் தெரிந்துகொள்ள, ஒரு பாடத்தின் உள்ளடக்கத்தைப் புதுப்பித்துக்கொள்ள, போக்சோ சட்டம் போன்ற ஒன்றை அறிந்துகொள்ள இணையவழிப் பயிற்சி போதும். சொல்லப்போனால் நேர்ப்பயிற்சியைவிட அதுவே மேல். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், திரும்பப் பார்க்கலாம்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. தெரிந்துகொண்டது வகுப்பறையில் கைக்கு வர வேண்டும்.

ஒரு கணக்கை வைத்துப் பார்க்கலாம். மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் 52இலிருந்து 28ஐக் கழிக்கச் சொல்கிறோம். நோட்டில் 36 என்று எழுதிக் காட்டுகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 24 என்று எழுதிக் கொடுத்துவிடலாம். பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. ஆனால் 36 எப்படி வந்தது? 2இலிருந்து 8 போகாது. அதனால் குழந்தை திருப்பிப் போட்டு 8இலிருந்து 2ஐக் கழித்து 6 என்று எழுதியிருக்கிறது. 5இலிருந்து 2 போனால் 3. அதாவது ‘பெரிசிலிருந்து சின்னதைக் கழிக்கணும்’ என்று முதல் வகுப்பில் நாமே சொல்லிக் கொடுத்த விதியை அது நேர்மையாகக் கடைப்பிடித்திருக்கிறது. குழந்தைக்குக் கணக்கு வராமல் இல்லை. பத்து ஒன்றுகளைக் கட்டினால் ஒரு பத்து, அந்தக் கட்டை அவிழ்த்தால் மறுபடி பத்து ஒன்றுகள் என்பது மட்டும் அதன் கைக்குப் பழகவில்லை. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, "இருபத்தெட்டு குச்சி எனக்குக் கொடு" என்று கேட்டால், உதிரி போதாமல் குழந்தையே ஒரு கட்டை அவிழ்க்கும். கடன் வாங்கிக் கழிப்பது என்றால் என்ன என்று அந்த இடத்தில் அதற்குப் பிடிபடும்.

இதை நான்கு நிமிடக் காணொளியாக எடுத்துவிடலாம், நல்ல காணொளிகள் இருக்கவும் செய்கின்றன. ஆனால் காணொளி ஒன்றைச் செய்யாது. 34 நோட்டுகள் மேசையில் குவிந்திருக்கும்போது, அந்த 36ஐப் பார்த்ததும் ஒரு நொடி நின்று "இது எப்படி வந்தது?" என்று யோசிக்கும் பழக்கத்தை அது தராது. அந்தப் பழக்கம் செய்துபார்த்து வருவது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அந்த நோட்டைக் காட்டி, "இந்தப் பிள்ளை என்ன செஞ்சிருக்கா பாருங்க டீச்சர்" என்று சில முறையாவது சொல்ல வேண்டியிருக்கிறது. பயிற்சித் தொகுதியின் கடைசியில் வரும் நான்கு விடைக் கேள்வி இந்தப் பழக்கம் வந்துவிட்டதா என்று அளக்கவே முடியாது. அது அளப்பது நினைவாற்றலை. பல நேரம் அதைக்கூட அளப்பதில்லை. நிஷ்தா தொகுதி ஒவ்வொன்றும் வெளியான உடனேயே விடைகளை வரிசையாகக் காட்டும் யூடியூப் காணொளிகள் வந்தது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வாட்ஸ்அப்பில் விடைத்தாள் சுற்றியது. காணொளியை ஓடவிட்டு அடுப்படியில் வேலை பார்த்தவர்களைக் குறைசொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பயிற்சி நேரம் என்று பணி நேரத்தில் எதுவும் ஒதுக்காமல், இரவு ஒன்பது மணிக்குமேல் கைப்பேசியில் முடித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல விட்டுவிட்டு, அந்த மாதக் கடைசிக்குள் நூறு சதவீதம் முடிந்திருக்க வேண்டும் என்று பட்டியல் கேட்டால் வேறென்ன நடக்கும்?

இப்போது தென்னாப்பிரிக்காவுக்குப் போவோம். கைப்பேசிவழிப் பயிற்சியைப் பற்றிப் பேசும் எவரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சோதனை அங்கே நடந்தது. ம்பூமலாங்கா மாநிலத்தில் 180 அரசுத் தொடக்கப்பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். குழந்தைகளின் வீட்டுமொழி சிஸ்வாத்தி அல்லது ஜூலு. சோதனை, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது பற்றியது. இரண்டு பிரிவுகளின் ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குறிப்பும் தொடக்கப் பயிற்சியும் உண்டு. அப்புறம் ஒரு பிரிவுக்குப் பயிற்றுநர் பள்ளிக்கே வந்து வகுப்பைப் பார்த்து, பேசி, வழிகாட்டினார். இன்னொரு பிரிவின் ஆசிரியர்களுக்கு டேப்லெட் கொடுத்தார்கள். அதில் பாடக்குறிப்பும் மாதிரிக் காணொளிகளும் இருந்தன. பயிற்றுநர் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் பேசினார். மூன்றாவது பிரிவு வழக்கம்போல.

முதல் ஆண்டு முடிவில் இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரிந்தன. அங்கேயே நிறுத்தியிருந்தால், "டேப்லெட் போதும், செலவு மிச்சம்" என்று அறிக்கை எழுதியிருப்பார்கள். நல்லவேளை, மூன்று ஆண்டு தொடர்ந்தார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் படம் மாறிவிட்டது. பயிற்றுநர் நேரில் வந்த பள்ளிகளின் குழந்தைகள் ஆங்கிலம் பேசுவதிலும் வாசிப்பதிலும் முன்னேறியிருந்தார்கள். தொலைவழிப் பிரிவில் பேச்சில் கிடைத்த முன்னேற்றம் அதில் பாதிக்கும் குறைவு. வாசிப்பில் எதுவும் இல்லை. யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. தொலைவழிப் பிரிவில் வீட்டுமொழி எழுத்தறிவு கீழே போயிருந்தது. வகுப்பறைகளைப் போய்ப் பார்த்தபோது, அந்த ஆசிரியர்கள் வீட்டுமொழிக்கான நேரத்தை எடுத்து ஆங்கிலத்துக்குக் கொடுத்தது தெரியவந்தது. நேரில் போகிற ஆள் இருந்தால் பார்த்திருப்பார், சொல்லியிருப்பார். தொலைபேசியில் பேசுபவருக்கு அது தெரிய வழியில்லை.

தொழில்நுட்பம் தடையாக இருக்கவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆசிரியர்களுக்கு டேப்லெட்டைக் கையாள வராமல் போனதால் இப்படி ஆகவில்லை. நேரில் வருபவர் தந்த துணையும், அவர் வருவதால் வந்த பொறுப்பும்தான் வேறுபாடு. இந்த முடிவை நம் ஊர்ப் பயிற்சித் திட்டம் தீட்டுபவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அது நமக்கு நேரிடையாகப் பொருந்துகிறது. பல மொழி, நெரிசலான வகுப்பு, நல்ல மனதோடு உழைக்கும் ஆசிரியர், போதாத கண்காணிப்பு, எல்லாம் நமக்கும் உண்டு.

அப்படியானால் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. கென்யா அதைக் காட்டுகிறது. கிசுமு பகுதியில் வாசிப்புத் திட்டம் ஒன்றில் மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். ஒரு குழுவில் குழந்தைகளுக்கு மின்வாசிப்பான், ஒரு குழுவில் ஆசிரியர்களுக்கு டேப்லெட், மூன்றாவதில் ஆசிரியர்களைப் பார்க்கப் போகும் வழிகாட்டிகளுக்கு டேப்லெட். குழந்தைகளின் வாசிப்பில் மூன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு வழிகாட்டிக்குக் கீழே பல பள்ளிகள். அவருக்கு ஒரு கருவி கொடுக்கும் செலவு ஒரு வகுப்புக் குழந்தைகள் எல்லோருக்கும் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான். குறைந்த செலவில் அதே பலன் கிடைத்தது.

2015இல் தொடங்கிய கென்யாவின் டுசோமே திட்டம் இந்தப் பாடத்தை நாடு முழுக்க எடுத்துப் போனது. கள அலுவலர்கள் டேப்லெட்டோடு பள்ளிக்குப் போவார்கள். வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைக் கவனித்துப் பதிவு செய்வார்கள், சில குழந்தைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள், பிறகு ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவார்கள். டேப்லெட் பதிவு செய்த இருப்பிடத்தைப் பார்த்து அவர்கள் போய்வந்த பயணச் செலவு வரும். அதாவது கருவி வேலை வாங்கியது அலுவலரிடம், அவர் வகுப்பறைக்குப் போயே ஆக வேண்டும் என்பதற்காக. ஆசிரியரிடமிருந்து தகவல் கறப்பது அதன் வேலையில்லை.

நம்மிடம் அந்தக் கள அலுவலர் இல்லையா? இருக்கிறார். ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் ஆசிரியப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பட்டம் பெற்றவர்கள், பாட அறிவு உள்ளவர்கள், களம் தெரிந்தவர்கள். நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய செல்வம் இவர்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர்கள் பள்ளிக்குள் நுழையும்போது முதலில் கேட்பது, "எமிஸ்ல ஏத்திட்டீங்களா?" என்பதாகத்தான் பல நேரம் இருக்கிறது. எமிஸ் என்பது பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசுத் தரவுத்தளம். அவர்கள் தவறில்லை. மேலிருந்து அவர்களிடம் கேட்பதும் அதைத்தான். வருகைப் பதிவு, சத்துணவு, நலத்திட்டப் பொருட்கள், சைக்கிள், மாணவர் உடல்நலம் என்று ஒவ்வொன்றுக்கும் பதிவு. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ‘மிகவும் அவசரம்’, ‘இன்று மாலைக்குள்’, ‘விடுபட்ட பள்ளிகளின் பட்டியல்’ என்று வரும் செய்திகளுக்கு நடுவே பாடம் நடத்துவதைப் பற்றிய ஒரு வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் இந்தப் பதிவு வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கைப்பேசி என்றாலே ஆசிரியருக்கு அலுவலகத்தின் குரல் என்று ஆகிவிட்ட பிறகு, அதே கைப்பேசியில் வரும் பயிற்சியும் இன்னொரு நினைவூட்டலாகவே அவர் காதில் விழுகிறது. கற்றுக்கொள்ளும் மனநிலை அங்கே எப்படி வரும்?

அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான தமிழ்நாட்டு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் நல்லதும் கெட்டதும் ஒன்றாகத் தெரிந்தன. 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்காகத் தொடங்கியது. பருவந்தோறும் ஒன்றிய அளவில் நேரடிப் பயிற்சி, ஆசிரியர் கையேடு, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பிக்கும் முறை. பாட்டும் கதையும் கைவேலையுமாக நடந்த அந்தப் பயிற்சிகளில் பல ஆசிரியர்கள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். சின்ன வகுப்புகளின் சுவர்கள் அதற்குப் பிறகு மாறியதை எந்தப் பள்ளிக்குள் போனாலும் பார்க்கலாம். அப்புறம் செயலியில் மதிப்பீடு வந்தது. ஒவ்வொரு குழந்தையாகக் கைப்பேசியில் கேள்வி காட்டிப் பதிவு செய்ய வேண்டும். இணையம் கிடைக்காத இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், மற்ற குழந்தைகள் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியர் தெரிந்துகொள்வதற்காக வந்த மதிப்பீடு, மேலே யாரோ பார்ப்பதற்காக ஏற்றும் எண்ணாகிவிட்டது என்ற மனக்குறையை ஆசிரியர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட் தருவதென்று அரசு பிறகு முடிவெடுத்தது, ஏறக்குறைய 80,000 பேருக்கு. சொந்தக் கைப்பேசியிலும் சொந்த டேட்டாவிலும் அரசு வேலை பார்த்துவந்தவர்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் அதே செயலிகள் பெரிய திரைக்கு இடம் மாறினால் மட்டும் கற்பித்தல் மாறாது.

வேறு மாதிரி முயன்றவர்களும் நம் நாட்டில் உண்டு. டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் அமெரிக்காவின் எம்ஐடியும் டாட்டா அறக்கட்டளைகளும் சேர்ந்து நடத்திய கிளிக்ஸ் திட்டம் சத்தீஸ்கர், மிசோரம், ராஜஸ்தான், தெலங்கானா ஆகிய மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளிகளில் நடந்தது. அங்கே ஆசிரியர்கள் பாடவாரியாக டெலிகிராம் குழுக்களில் இருந்தார்கள். வகுப்பில் செய்ததைப் படம் எடுத்துப் போட்டார்கள், கேள்வி கேட்டார்கள், பல்கலைக்கழகத்தினரும் சக ஆசிரியர்களும் பதில் சொன்னார்கள். உத்தரவு போடும் குழு ஒன்று, பாடம் பேசும் குழு வேறொன்று என்று பிரித்ததே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. செலவே இல்லாத ஏற்பாடு அது. நாளைக்கே ஓர் ஒன்றியத்தில் செய்யலாம். அந்த 36 எழுதிய நோட்டைப் படம் எடுத்து, பிள்ளையின் பெயர் தெரியாமல் மறைத்து, "இதை நீங்க எப்படிச் சரிசெஞ்சீங்க?" என்று கணக்கு ஆசிரியர் குழுவில் போட்டால், பத்து வருட அனுபவம் உள்ள இரண்டு பேராவது பதில் சொல்வார்கள். அதற்குச் சான்றிதழ் வராது. இப்போது நாம் வைத்திருக்கும் கணக்கில் அது பயிற்சியாகவே சேராது.

அந்தக் கணக்கைத்தான் முதலில் மாற்ற வேண்டும். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரத் தொழில்வளர்ச்சி வேண்டும் என்கிறது. கொள்கையின் மற்ற பகுதிகளில் தமிழ்நாட்டுக்கு உள்ள மறுப்பு தனி விவாதம். ஆசிரியருக்கு ஆண்டு முழுக்கக் கற்றல் வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. 50 மணி நேரத்தை காணொளி பார்த்த நேரமாக மட்டும் எண்ணினால், காணொளி ஓடிய நேரம்தான் கிடைக்கும். அதில் 20 மணி நேரத்தையாவது, சக ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்ததற்கும், தன் வகுப்பை இன்னொருவர் பார்த்துப் பேசியதற்கும், அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் குழந்தைகளின் நோட்டுகளைப் பரப்பிவைத்து ஆராய்ந்ததற்கும் கொடுக்கலாம். மீதி நேரத்துக்கு திக்‌ஷா போன்ற தளங்கள் தாராளமாக உதவும். அதையும் பள்ளி நேரத்துக்குள், தலைமையாசிரியர் ஒதுக்கித் தரும் ஒரு பாடவேளையில் பார்க்க வழி வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் இது எளிதில்லை என்று தெரியும். அங்கே பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்துத்தான் ஏற்பாடு செய்ய முடியும்.

தொகுதிகள் தமிழிலேயே எழுதப்பட வேண்டும், தமிழ்நாட்டு வகுப்பறைகளில் எடுத்த காணொளிகளோடு. டெல்லியில் எழுதி மொழிபெயர்த்த வாசகங்களை ஆசிரியர்கள் இரண்டு முறை படித்தும் விளங்காமல் தாண்டிப் போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் இதை எழுதக்கூடிய திறமைசாலிகள் இருக்கிறார்கள்.

ஆசிரியப் பயிற்றுநருக்கு மாதத்தில் இத்தனை வகுப்புகளைப் பார்க்க வேண்டும் என்று ஓர் எண்ணும், பார்த்த பிறகு ஆசிரியரோடு அரை மணி நேரம் பேச வேண்டும் என்று ஒரு விதியும், அவர் கையில் இருக்கும் கருவியில் அதற்கான படிவமும் வேண்டும். அந்தப் படிவத்தில் சத்துணவுக் கணக்கு இருக்கக் கூடாது. பதிவு வேலைக்கு ஒன்றியத்துக்கு ஓரிரு தரவுப் பணியாளர்களை அமர்த்தினால் பயிற்றுநர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பலாம். மலைப்பகுதிப் பள்ளிகளுக்குப் போய்வரும் பயணப்படியை மாதாமாதம் தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும். கென்யாவில் டுசோமே திட்டம் ஓடியதற்கு அந்தப் பயணப்படியும் ஒரு முக்கியக் காரணம்.